சவரத்துக்கு முன் தடவும் எண்ணெய் பற்றி மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மாமன் சொல்லச் சொல்ல உன் அத்தை எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, உன் அப்பா மூவரும் அவரவர் வயதுக்கு ஏற்ற சௌக்கியத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நடந்தது எதையும் மறக்கத் தெரியாது என்பதும் தெரியும். ஆகையால் இந்தக் கடிதத்தில் வார்த்தை என்னுடையது, கையெழுத்து உன் அத்தையுடையது. நடுவில் எங்காவது என்னைப் பற்றி இளக்காரமாக ஒரு வரி வந்தால் அது அவள் சொந்தச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளவும். இன்னொன்று, உனக்கு அவர் அப்பா, எனக்கு மச்சான். அவன் இவன் என்றுதான் வாயில் வரும். பொறுத்துக்கொள்.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நீ வீடியோவில் வந்தாய். நீலக் கோடு போட்ட சட்டை, மேல் பொத்தான் போடவில்லை. உன் அப்பா தாடைக்குக் கீழே மூன்று பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா, மாமா வெட்டிட்டாரா?" என்று கேட்டாய். "ஆமா" என்றான். "ரொம்ப வலிக்குதாப்பா?" "ஆமா." "பேசாம இங்க வந்துடுறீங்களா? எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு, நர்ஸே ஷேவ் பண்ணி விட்டுடுவாங்க." "ஆமா." உடனே உனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகனே, பக்கவாதம் வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் உன் அப்பா வாயில் மிச்சம் இருக்கும் ஒரே சொல் அதுதான். நீ போனை வைத்த பிறகு நான் அவனிடம், "மச்சான், இந்த ஊருக்கே நீதானே ராஜா?" என்று கேட்டேன். அதற்கும் "ஆமா"தான். "அப்ப நான் யாரு, மந்திரியா?" "ஆமா." உன் அத்தை சமையலறையிலிருந்து, "ராஜாவும் மந்திரியும் வந்து கஞ்சியைக் குடிங்க" என்றாள்.

ஆனால் நீ சும்மா இருக்கிறவன் இல்லை. ஒன்பதே நாளில் பார்சல் வந்தது. உள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு எண்ணெய் பாட்டில், ஒரு டப்பா வெள்ளைக் களிம்பு. இரண்டும் சவரத்துக்கு முன்னால் தடவுவதாம், தடவினால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகுமாம். அன்று மாலையே போனில் வந்து, "மாமா, இதைப் போட்டு ஒரு மாசம் பாருங்க. காயம் நின்னுச்சுன்னா அப்பா அங்கேயே இருக்கட்டும். நிக்கலேன்னா ஒண்ணாம் தேதி நான் வண்டியோட வந்துடுவேன். நீங்க போன்ல மழுப்புவீங்க, அத்தை கையால எழுதி அனுப்பச் சொல்லுங்க, அத்தை பொய் எழுத மாட்டாங்க" என்றாய். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சம் எங்கள் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

முதலில் எண்ணெய். நான் முப்பத்தாறு வருஷம் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவன். முடி எடுப்பது பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டறையில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவோம், நன்றாக ஊறிய பிறகு கட்டையில் விரித்து மழுங்கிய கத்தியால் ஒரு இழுப்பு, முடி தானாகக் கழன்று வரும். எண்ணெய் தடவுவது எல்லா வேலையும் முடிந்து கடைசியில். எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் இறங்காது, தண்ணீர் இறங்காத முடி கம்பி மாதிரி நிற்கும். இதையெல்லாம் உன் அத்தையிடம் சொன்னேன். "என் தம்பி மூஞ்சி என்ன ஆட்டுத்தோலா? பிள்ளை சொன்னபடி செய்யுங்க" என்றாள். செய்தேன். இடது கன்னத்துக்கு எண்ணெய், வலது கன்னத்துக்கு வழக்கம்போல வெந்நீர்த் துண்டு மட்டும். பேதம் தெரிய வேண்டும் அல்லவா? பாட்டிலைச் சாய்த்தால் ஒரு சொட்டு வரும் என்று நினைத்தேன், ஒரு வாரத்துக்கானது வந்துவிட்டது. அதன்மேல் பிரஷ்ஷைப் போட்டுச் சுற்றினால் நுரை நிற்கவே இல்லை, சறுக்கிச் சறுக்கிக் காதுக்குள் போகிறது. என் விரலெல்லாம் எண்ணெய், ரேசர் கையிலிருந்து நழுவி வெந்நீர் வாளிக்குள் விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தால் மூக்குக்கண்ணாடியும் கூடவே போய்விட்டது. ஒருவழியாகச் சிரைத்து முடித்து, தடவிப் பார்த்து, நியாயமாகத்தான் கேட்டேன். "மச்சான், எந்தப் பக்கம் சுகம்? இடதா?" "ஆமா." "வலதா?" "ஆமா." இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்க முடியும், நீயே சொல். தாடைக்குக் கீழே ஒரு காயம் மட்டும் பட்டிருந்தது. அது எண்ணெய் போட்ட பக்கமும் இல்லை, போடாத பக்கமும் இல்லை, நட்டநடுவில்.

அடுத்தது களிம்பு. மூன்று நிமிஷம் முகத்தில் ஊற விட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதாம். மருந்துக்கடைக்காரரிடம் எடுத்துப்போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "ஊற வைக்கணும்னுதான் எழுதியிருக்கு பெரியவரே" என்றார். ஊற வைப்பது என்றதும் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. முகம் முழுக்க வெள்ளையாகப் பூசி, கண்ணை மூடச் சொல்லி, தாடைக்கு அடியிலிருந்து இரண்டு காதோரமாக வெந்நீர்த் துண்டைச் சுற்றி உச்சியில் ஒரு முடிச்சும் போட்டேன். அந்த நேரம் பார்த்து மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம். வால்வை மூட மாடிக்குப் போனேன், அது இறுகிவிட்டது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர் மூன்று நிமிஷம் என்றார், எனக்கு இருபது ஆகிவிட்டது. உன் அப்பா தூங்கிவிட்டான். இதற்குள் மின்கணக்கு எடுக்க வந்தவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்திருக்கிறார். கட்டிலில் ஒரு மனுஷன் மல்லாந்து படுத்திருக்கிறான், முகம் சுண்ணாம்பு, தாடையைச் சுற்றிக் கட்டு. அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, உன் அத்தையிடம் தணிந்த குரலில், "எப்பம்மா ஆச்சு? காலைலயா?" என்று கேட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்ட உன் அப்பா, கண்ணைத் திறக்காமல், கணீரென்று "ஆமா" என்றான். நான் மாடிப்படியில் இறங்கி வரும்போது அந்த மனுஷர் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். செருப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது, எட்டாம் நம்பர், நல்ல நிலையில். அவரைப் பார்த்தால் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கும் தாடைக்குக் கீழே ஒரு காயம்.

உன் அத்தைதான் கண்டுபிடித்தாள். (இந்த வரியை அவளே சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்காதே, நான்தான் சொல்கிறேன்.) "என்னங்க, எண்ணெய் போட்டாலும் அதே இடம், களிம்பு போட்டாலும் அதே இடம், ஒண்ணும் போடாத முந்தின மாசமும் அதே இடம். கழுத்துக்கு வரும்போது நீங்க என்ன பண்றீங்க?" என்றாள். "நான் என்ன பண்றேன், சவரம் பண்றேன்" என்றேன். "இல்ல, டோப்பா கதைக்கு வர்றீங்க" என்றாள்.

டோப்பா கதை உனக்குத் தெரியாது. உன் அப்பாவும் நானும் ஒரே பட்டறையில் இருந்தோம். நான் சுண்ணாம்புத் தொட்டியில், அவன் தோல் உலர்த்தும் கொட்டகையில். எங்கள் சூப்பர்வைசருக்குத் தலையில் டோப்பா. ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல காற்று. தொட்டிக்குள் எட்டிப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தவருக்கு டோப்பா பறந்து உள்ளே விழுந்துவிட்டது. அவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்கு ஓடியவர் மூன்று நாள் லீவு. மூன்றாம் நாள் தோல்களோடு தோலாக அதுவும் மேலே வந்தது, ஒரு முடி இல்லை, வெறும் அடித்துணி. உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக் கழுவி, ஆட்டுக்குட்டித் தோல்களுக்கு நடுவில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டான். நாலாம் நாள் புது டோப்பாவோடு வந்த சூப்பர்வைசர் வரிசையாகத் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, அதைத் தொட்டு, விரலால் நிரடி, "இதுதான்யா பதம்! இந்த மாதிரி ஒண்ணு எடுத்துக் காட்டுங்கடா மத்தவனுங்க" என்றார்.

நான் சவரம் பண்ணும்போது இதைத்தான் சொல்லுவேன். கன்னத்தில் சூப்பர்வைசர் திட்டுவார், மேலுதட்டில் டோப்பா பறக்கும், ரேசர் தாடைக்குக் கீழே போகும்போது "இதுதான்யா பதம்" வந்துவிடும். உன் அப்பாவுக்கு வயிறு குலுங்கும். கழுத்து குலுங்காமல் வயிறு மட்டும் எப்படிக் குலுங்கும்? அங்கேதான் காயம். நூறு தடவை கேட்டவன்தான், ஆனாலும் அந்த இடம் வந்தால் சிரிப்பான்.

சரி, வாயை மூடிக்கொண்டு சிரைப்பது என்று முடிவு செய்தேன். ஒன்றாம் தேதி நெருங்குகிறது அல்லவா? நாலு சவரம். எண்ணெய் இல்லை, களிம்பு இல்லை, வெந்நீரும் சோப்பும் மட்டும். நாலிலும் ஒரு கீறல் இல்லை. ஆனால் நீ கேட்டது உண்மை, ஆகையால் மீதியையும் சொல்கிறேன். முதல் நாள், குழாயில் தண்ணீர் வராதபோது பார்க்கிற மாதிரி என் வாயையே பார்த்தான். இரண்டாம் நாள், எப்போதும் ரேசர் கிட்டே வந்தால் கன்னத்தை உப்பிக் காட்டுகிறவன், உப்பவில்லை. மூன்றாம் நாள் வெந்நீர்க் குவளையைக் கண்டதும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். நாலாம் நாள் உன் அத்தை, "பசிக்குதாடா?" என்று கேட்டாள். பதில் இல்லை. "தூக்கம் வருதா?" பதில் இல்லை. இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்திலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் சவரத்துக்கு நான் டோப்பா கதையை எடுத்தேன். சிரித்தான். வெட்டுப்பட்டது. படிகாரக் கட்டியை வைத்து அழுத்தினேன், ஒரு பொட்டு ரத்தம், நின்றுவிட்டது. "வலிக்குதா மச்சான்?" என்றேன். "ஆமா" என்றான், இளித்துக்கொண்டே.

ஆகையால் என் முடிவு இது. சவரத்துக்கு முன்னால் தடவுகிற எண்ணெயாலும் களிம்பாலும் ஒரு பிரயோசனமும் கிடையாது. வெந்நீரும் பொறுமையும் போதும். காயம் நிற்க வேண்டுமென்றால் என் வாய் நிற்க வேண்டும், அது நிற்காது. நீ ஒன்றாம் தேதி வருவதானால் வா, நான் குறுக்கே நிற்க மாட்டேன், அவன் உன் அப்பா. உன் அத்தை அவன் துணிகளை மடித்து வைத்துவிட்டாள். அழுதுகொண்டே மடித்தாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன். அந்த இல்லத்து நர்ஸிடம் மறக்காமல் சொல், இடது தாடையோரம் அவனுக்கு முடி கீழிருந்து மேலே வளரும், அங்கே ரேசரைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஒரு சுழி, அதைச் சுற்றித்தான் வர வேண்டும், குறுக்கே போகக் கூடாது. பேச்சுக் கொடுக்கச் சொல். என்ன பேச்சு என்று கேட்டால் மேலே இருக்கும் கதையை வாசித்துக் காட்டு.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. உன் கை நடுங்காமலும், பிளேடு மழுங்காமலும், உன்னைச் சிரிக்கவைக்க ஒரு ஆள் பக்கத்தில் இல்லாமல் போகாமலும் நீ நெடுங்காலம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்து நாலு நாள் ஆகிறது. மழை விடவில்லை, தபால்பெட்டி வரைக்கும் போக முடியவில்லை. உன் அத்தை ஆவி காட்டி உறையைப் பிரித்திருக்கிறாள், காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை சவரத்துக்கு உட்கார்ந்தால் பிளேடு இல்லை. குடையை எடுத்துக்கொண்டு அவள் தெருமுனைக் கடைக்குப் போனாள். சும்மா இருப்பானேன் என்று உன் எண்ணெயை எடுத்து, இந்தத் தடவை மூன்றே சொட்டு, அவன் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் ரேசர் இல்லை, ஆகையால் கதையை ஆற அமரச் சொன்னேன். அவனும் பயமில்லாமல் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அவள் பிளேடோடு வந்தபோது கதை முடிந்திருந்தது, எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அவனுக்குச் சிரிப்பு தீர்ந்து முகம் ஊறிய தோல் மாதிரி கிடந்தது. ஒரு வார்த்தை பேசாமல் சிரைத்தேன். கீறல் இல்லை. புதன்கிழமையும் அப்படியே செய்தேன், இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆகையால் எண்ணெயைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் தப்பு. கோடு போட்டு அடித்துவிடச் சொன்னேன், கை வலிக்கிறது என்கிறாள் உன் அத்தை, நீயே அடித்துக்கொள். மடித்த துணிகளை அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டாள். வண்டியை நிறுத்திவிடு. உன்னோடு வருகிறானா என்று நான் அவனிடம் கேட்கவில்லை, கேட்டால் ஆமா என்பான், நான் ஏன் கேட்கப்போகிறேன்? பாட்டிலில் இன்னும் நாலைந்து சவரத்துக்குத்தான் இருக்கிறது. அடுத்த தடவை பெரிய பாட்டிலாக அனுப்பு. முப்பத்தாறு வருஷப் பட்டறையில் டோப்பா கதைதான் சின்னது.