பாய் கடையை நான் மூடிய கதை

தன்னம்பிக்கை அதிகம் உள்ளவன் எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆராய்ந்து கண்டுபிடித்ததல்ல, நானே அப்படித்தான்.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் பஜாரில்தான் விசாரிப்பார்கள். நானோ இருந்த வேலையை விட்டுவிட்டு, பில் போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஒரு கடைக்காரராவது வேண்டும். சிம்மக்கல்லில் மொத்தப் பருப்புக் கடை வைத்திருந்த பாய், என் மென்பொருளைத் தன் கடையில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார்.

எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்யாது. பிறர் எழுதிய துணைக் கோப்புகளை (லைப்ரரி என்போம்) தேடி எடுத்துக்கொள்ளும். எங்கே தேடுவது என்று நாம் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கோப்பு போடக்கூடிய பொது ஃபோல்டரில் முதலில் தேடு என்று, என் லேப்டாப்பில் சோதித்தபோது உள்ளேயே எழுதிவைத்தேன். கடைக்குக் கொடுக்கும்போதும் அதை நீக்கவில்லை. (மறந்துவிட்டேன் என்றால் கௌரவம். அது தவறென்றே தெரியாது என்பதுதான் நிஜம்.)

மென்பொருளைக் காட்டிய அன்று பாயின் மகள் ரிஸ்வானா வந்திருந்தாள். சென்னையில் மென்பொருளில் ஓட்டை தேடுவதுதான் அவள் உத்தியோகம்.

"அண்ணே, இது எதுக்கு மொதல்ல பொது ஃபோல்டர்ல தேடுது?"

"அங்க ஒண்ணும் இல்லம்மா. இல்லேன்னா சரியான எடத்துக்கு வந்துரும்."

"யாராச்சும் எதையாச்சும் வச்சுட்டா?"

"நம்ம கடைக்குள்ள யாரும்மா வைக்கப் போறா?"

அவள் வேலையாட்களின் லாகினில் நுழைந்து ஏதோ தட்டினாள். பிறகு பாய் தன் லாகினில் உசிலம்பட்டி மளிகைக்காரருக்கு முதல் பில் போட்டார். பிரிண்டர் நிதானமாகத் துப்பியது: "இந்தக் கடை மூடப்பட்டுவிட்டது."

பாய் கண்ணாடியை மாட்டிப் படித்தார். "எப்ப தம்பி மூடுனேன்? எனக்கே தெரியாதே."

மளிகைக்காரர் பையை எடுத்தார். "அப்ப நான் வேற கடை பாக்கட்டுமா பாய்?"

"நான் வச்சது போலிக் கோப்பு அத்தா," என்றாள் ரிஸ்வானா. "பேரு சரியா இருக்கவும் உள்ள விட்டுருச்சு. திருடன் வச்சா சத்தமே வராது. கணக்கு பூரா அவன் கையில போயிரும்."

நான் டீ கிளாஸுக்குள் தலையை விட முயன்றேன். கிளாஸ் சிறியது.

அன்று மாலைக்குள் அந்த வரியை நீக்கி, பாயைத் தவிர யாரும் கைவைக்க முடியாத ஃபோல்டரில் மட்டும் தேடும்படி மாற்றினேன். அடுத்த வாரமே எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா பாயிடம் விசாரிக்கப் போனார். பாய் பொய் சொல்லாதவர்.

"நல்ல பையன். என் கடைய மூடிட்டான். ஆனா சாயங்காலமே தொறந்து குடுத்துட்டான்."

கல்யாணம் நடந்தது. இரும்புக் கடை வைத்திருக்கும் மாமனார், நான் போகும்போதெல்லாம் "வாங்க மாப்ள" என்று எழுந்து வந்து வரவேற்கிறார். கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதால், நாற்காலியை மட்டும் வெளியில் போடுகிறார்.