கொரியக் குடிசைக்குக் கோட்டூர்புரத்துக் கண்ணீர்

வறுமையை உணர்ந்து அழுவதற்குக் கொரியாவைவிட வசதியான தேசம் உலகில் இல்லை என்று நினைத்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. படம் முடிந்து இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் திரைப்பட ரசனை வட்டத்தின் விதி எண் நான்கு.

கோட்டூர்புரத்தில் எங்கள் அடுக்ககத்தின் கூட்ட அறையில் அன்றுதான் 'விளிம்புநிலை மாந்தர் மாதம்' தொடங்கியிருந்தது. அடியில் ஆங்கில எழுத்து ஓடும் கொரியப் படம். அதில், ஆற்றோரக் குடிசை ஒன்றை அரசு இடிக்கிறது. குடிசைக்காரி வாயே திறக்காமல் பதினோரு நிமிடம் ஆற்றைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். ஈடு இணையற்ற படைப்பு.

விதி எண் நான்கை மீறியவர் கங்கம்மா. எங்கள் அடுக்ககத்தைப் பெருக்குபவர். பின்மதிலுக்கு அப்பால் அடையாற்றங்கரையில் குடியிருப்பவர். நாற்காலிகளை மடக்கிவைக்கக் காத்து நின்றவர், முழுப் படத்தையும் பார்த்துவிட்டிருந்தார்.

"இன்னாம்மா இது? வூட்டை இடிக்கறான், அந்தம்மா சும்மா குந்திகினு கீது? நறுக்குனு நாலு வார்த்தை கேக்க வேணாம்?"

"அந்த மௌனம்தான் கங்கம்மா கலை," என்றாள் எங்கள் வட்டத்து வைதேகி, கனிவோடு.

"வாய் கீதில்ல அதுக்கு?"

தலைவர் மாணிக்கவாசகம் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீங்களா, விளிம்பிலேர்ந்தே ஒரு விமர்சனம்!" குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

பிறகு கூட்டத்தின் இரண்டாவது விவாதப் பொருள். குடியிருப்போர் நலச்சங்கமும் ரசனை வட்டமும் ஒரே ஆட்கள் என்பதால் தனியாக ஒரு கூட்டம் மிச்சம். பின்மதிலுக்கு அப்பாலுள்ள முப்பத்தெட்டு வீடுகளை அகற்றி ஆற்றங்கரையை 'மீட்டெடுக்க'க் கோரும் மனு. எல்லோரும் ஈரக் கண்களோடு கையெழுத்திட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. மனுவின் தமிழும் என்னுடையதுதான். 'மனிதநேயத்துடன்' என்ற சொல்லை மூன்று இடங்களில் சேர்த்திருந்தேன்.

"கரையில இருக்கறவங்களே சம்மதிச்ச மாதிரி ஒரு கையெழுத்து இருந்தா மனுவுக்கு வலு," என்றார் மாணிக்கவாசகம். "கங்கம்மா, இங்க போடும்மா. ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல அரசாங்கமே லிஃப்ட் வெச்ச வீடு குடுக்கும்."

"எங்க வூடுமா சார்?"

"எல்லா வீடும்தான். பாகுபாடே காட்ட மாட்டோம்."

என் பேனாவை நீட்டினேன். கங்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மனுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடி என் மடியில் வைத்தார்.

"போட மாட்டேம்மா," என்றார், மெதுவாக.

தமிழில்தான் சொன்னார். அடியில் ஆங்கில எழுத்து ஓடாததால் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.