ஸ்பிரிங் வைத்த பாட்டு

ஒரு சாமானைப் பிரிக்கத் தெரிந்துவிட்டால் அது புரிந்துவிட்டது என்று நினைக்கிற வயது ஒன்று எல்லா ஆண்களுக்கும் வருகிறது. எனக்கு அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில் வந்தது. (சில பேருக்கு அது போவதே இல்லை என்பது வேறு விஷயம்.)

அப்போது தென்னூரில் குடியிருந்தோம். என்னிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பின் ஸீட்டில் என் மனைவி ருக்மிணி உட்கார்ந்து வந்த முதல் நாளே, வீட்டுக்குள் நுழைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது வண்டியான்னா? உரல்ல போட்டு இடிக்கறாப்பல இருக்கு."

அந்த இடுப்புக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்த காலம். ஆபீஸ் நண்பரிடம் மோட்டார் சைக்கிள் பற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி நாலு பக்கம் படித்தேன். முன்சக்கரத்தின் இரு பக்கமும் இருக்கிற குழாய்களுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது, கூடவே எண்ணெயும் இருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங்கை வேண்டிய அளவுக்கு இறுக்கியோ தளர்த்தியோ வைக்கலாம். இவ்வளவுதான் தெரிந்துகொண்டேன். எண்ணெய் எதற்கு என்பது ஐந்தாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, குழாய்களின் அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றினேன். கறுப்பாக, கொழகொழவென்று எண்ணெய் வடிந்தது. ஸ்பிரிங்கை அசையவிடாமல் செய்த அழுக்கு இதுதான் என்று முடிவு கட்டி, முழுவதையும் வடித்துவிட்டு, வேறு எண்ணெய் ஊற்றாமலே மூடினேன். பின்பக்கத்தை இருப்பதிலேயே தளர்வாக வைத்தேன். ஹாண்டில்பாரை அமுக்கிப் பார்த்தேன். வண்டி இறங்கியது, ஏறியது, நான் கையை எடுத்த பிறகும் இறங்கி ஏறியது. (தலையாட்டி என்னைப் பாராட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.)

அந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் ருக்மிணியின் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். அவர்கள் குடும்பத்தில் ஊஞ்சல் பாட்டு என்றால் ருக்மிணியின் அம்மாதான் பாடுவார். அந்த அம்மா போன பிறகு நடக்கிற முதல் கல்யாணம் இது. இனி ருக்மிணிதான் பாட வேண்டும். நாள் முழுக்க அடுப்படியில் அதைப் பாடிப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்லயே போயிடலாமேன்னா" என்றாள் கல்யாணத்தன்று காலையில், பட்டுப்புடவையோடு.

"இப்ப ஏறிப் பாரு. மெத்தை மாதிரி இருக்கும்."

இட்லி சாப்பிட்ட கையோடு கிளம்பினோம். தெருமுனை வரை மெத்தைதான். அதன் பிறகு ஒரு பள்ளத்தில் குதித்த வண்டி, அடுத்த பள்ளம் வரும்வரை குதித்துக்கொண்டே இருந்தது. சிந்தாமணியில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கைப் பிடித்தேன். முன்பக்கம் மாட்டுக்கு நமஸ்காரம் பண்ணுவதுபோலக் குனிந்தது. ருக்மிணி என் முதுகில் வந்து மோதினாள். அதுவரை ஸீட் கம்பியை மட்டுமே பிடித்து வந்தவள், என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். (அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.) காவிரிப் பாலம் முழுக்க இருவரும் ஏறி இறங்கினோம். அம்மா மண்டபம் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் "ஹிக்" என்றது.

"என்ன ருக்கு?"

"ஒண்ணு... ஹிக்... மில்லே."

கல்யாண வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். விக்கல் நிற்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்தாயிற்று. "பாடும்மா" என்றார் என் மாமனார். ருக்மிணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவது வரியில், குரல் மேலே ஏறும் இடத்தில், "ஹிக்". சிரிப்பை அடக்கப் பார்த்த மணப்பெண்ணின் தோள் குலுங்கியது. ருக்மிணியின் கண் நிறைந்துவிட்டது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்போது, மனைவி போன நாளிலிருந்து யாரும் சிரித்துப் பார்த்திராத என் மாமனார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"உங்கம்மாவுக்கே அந்த இடம் சரியா வராதுடி. நீ பாடு!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, விக்கலும் பாட்டுமாக முழுவதையும் பாடி முடித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, காலியாக ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்: "வண்டியிலேர்ந்து எதையாவது எடுத்தேளா?"

"எண்ணெயை வடிச்சேன்."

"அப்ப ஆட்டத்தை நிறுத்தறது யாரு?"

எனக்கு அங்கேதான் புரிந்தது. அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது எண்ணெய். இரண்டு பேர் ஏறினால் பின்பக்கத்தை இறுக்கவும் வேண்டும். அடுத்த ஞாயிறு இரண்டையும் செய்தேன். கல்யாணத்தன்று மட்டும் அவள் பஸ்ஸில் திரும்பினாள். பின்னாலேயே நான், தனியாகக் குதித்துக்கொண்டு.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டது ருக்மிணியிடம்தான். சொல்லிக்கொடுக்கும்போது வேடிக்கைக்காக விக்கலையும் சேர்த்துப் பாடிக் காட்டுவாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. போன தையில் ஒரு கல்யாணத்தில் எங்கள் பேத்தி பாடினாள். குரல் மேலே ஏறும் இடத்தில் அழகாக ஒரு வெட்டு. மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தர் என் பக்கம் குனிந்தார்.

"அந்த இடத்துல என்ன ஒரு கமகம்! உங்காத்துல வழிவழியா வந்த பாடாந்தரமா?"

"ஆமாம்" என்றேன். ருக்மிணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.