மருந்தா, பூசணமா?

பெண் பார்க்கப் போகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம் ஊரில் விதிகள் உண்டு. வலது காலை எடுத்து வைத்து நுழைய வேண்டும். காபியைச் சத்தமாக உறிஞ்சக் கூடாது. பெண்ணை ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்க்கலாம். ஆனால் சட்டைப் பையில் என்ன இருக்கக் கூடாது என்பதற்கு மட்டும் விதி எதுவும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை விதிமுறைகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதி இல்லாத இடத்தில்தான் மனிதன் வழுக்கி விழுகிறான்.

என் பையில் அன்று ஒரு கைலென்ஸ் இருந்தது.

பிளஸ் டூ புதிதாக வந்திருந்த சமயம். நான் உத்திரமேரூரில் தாவரவியல் வாத்தியார். எம்.எஸ்ஸி.யில் பூஞ்சைகளைப் படித்தவன். அதிலும் ஆஸ்பெர்ஜில்லேசி என்ற குடும்பத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம். (மற்றவர்கள் சினிமா நடிகைகள் மேல் வைத்திருந்த பாசம் அது.) ஊறுகாய் ஜாடி, தோல் செருப்பு, மழையில் நனைந்த பெல்ட் என்று எதில் பச்சை தெரிந்தாலும் லென்ஸை எடுத்துவிடுவேன். என்னோடு ஓட்டலுக்கு வருவதை சக ஆசிரியர்கள் நிறுத்தியிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். அஸ்கோமைசீட்ஸ் வகுப்பு, யூரோஷியேல்ஸ் துறை என்று விலாசம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவன் பெனிசிலியம். வித்துத் தாங்கும் காம்பு கிளைவிட்டு, துடைப்பம் மாதிரி இருக்கும். இன்னொருவன் ஆஸ்பெர்ஜில்லஸ். காம்பு கிளைவிடாமல் நுனியில் உருண்டு, குண்டூசித் தலை மாதிரி நிற்கும். துடைப்பக்காரன் படித்து டாக்டரான அண்ணன். குண்டூசிக்காரனின் உறவில் சில பேர் விஷம் கக்குகிற ரவுடிகள். வெறும் கண்ணுக்கு எல்லாமே பச்சைப் பொடிதான்.

என் தாய்மாமா அதற்குள் மூன்று இடங்களில் எனக்குப் பெண் பார்த்து, மூன்றும் என் வாயால் கெட்டிருந்தன. நான்காவது இடம் காவாந்தண்டலம். கார்த்திகை மாதத் தூறலில் சேற்றை மிதித்துக்கொண்டு போகும்போது மாமா எச்சரித்தார்.

"அங்க வந்து வாயத் தொறந்த, இனிமே நான் உனக்கு மாமனே இல்ல. தட்டுல வெச்சத துன்னு முடி. தட்டு காலின்னா சம்மதம். மீத்து வெச்சா, பொண்ணு வாணாம்னு அர்த்தம். வெளங்குதா?"

விளங்கியது. எனக்கும் கல்யாணம் ஆக வேண்டும் என்று ஆசை இருந்தது. மெஸ் சாம்பார் அந்த ஆசையைத் தினமும் வளர்த்தது.

பெண்ணின் பெயர் வசந்தா. அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு முறை நேராகப் பார்த்தாள். ஆளை எடை போடுகிற பார்வை. அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. விதிப்படி தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அம்மா வாசற்படியில் நின்று, "தீவாளி நோம்புக்கு எடுத்த அதிரசம். இந்த வருசம் பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டிக்கினு எடுத்தது. வெளி ஆளுங்களுக்கு நாங்க தர்றதில்ல, வூட்டு மன்சங்களுக்கு மட்டுந்தான்" என்றார்.

மாமா தன் பங்கை மென்றுகொண்டே என் விலாவில் இடித்தார். "டேய், வூட்டு மன்சன்னு சொல்ட்டாங்கடா."

நான் அதிரசத்தைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் வெள்ளை விளிம்பு கட்டிய பச்சைத் திட்டு. தீபாவளியிலிருந்து டின்னுக்குள் கிடந்து, மழை ஈரத்தில் அருமையாக வளர்ந்திருந்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"இன்னா தம்பி அது?" என்றார் பெண்ணின் அப்பா.

"லென்ஸுங்க."

"கண்ணு மட்டமா?"

"பொண்ண பாக்கறப்ப போடல, பலகாரத்தப் பாக்கறப்ப போடறாரு" என்றார் அம்மா.

மாமா அவசரமாக, "கண்ணு நல்லா கீதுங்க. புத்திதான் கொஞ்சம்..." என்று எனக்காக வாதாடினார்.

லென்ஸில் பார்த்தேன். குண்டூசித் தலைகள். சந்தேகமே இல்லை, ஆஸ்பெர்ஜில்லஸ். பரவசத்தில், "அடடா, நல்ல பூஞ்சை" என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்து பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அம்மா, "நோம்பு பலகாரத்துல பூசணமா? இன்னா பேச்சு பேசறாரு இவரு?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. பெண்ணுக்காக எடுத்த நோன்பு கெட்டுவிட்டது என்று, பெண் பார்க்க வந்தவனே அத்தாட்சி கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் அதைவிட மோசமான சகுனம் இல்லை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்பு. பஸ்ஸுக்கு டைம் ஆச்சு."

கதவோரம் வசந்தா நின்றிருந்தாள். எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று அந்த நிமிடம்தான் உறுதியானது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பூஞ்சையை வேண்டுமென்றே தப்பாக வகைப்படுத்தினேன்.

"பயப்படாதீங்க. இது பெனிசிலியம். பெனிசிலின் ஊசி போடறாங்களே, அந்த மருந்தே இதுலருந்துதான் எடுக்கறாங்க. துடைப்பம் மாதிரி கிளை கிளையா இருக்கும்." (கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. வாத்தியாருக்கு மணி அடிக்காமல் நிறுத்தத் தெரியாது.)

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊசி மருந்தா! அத்தப் போட்டுத்தானே எனக்கு கால் புண்ணு ஆறுச்சு! கேட்டியாடி, உன் அதிரசத்துல மருந்தே மொளச்சிக்கீது!"

அம்மா மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"அப்ப துன்னட்டும்" என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அதற்குள் வசந்தா முன்னால் வந்து, "அந்தக் கண்ணாடிய நானும் பாக்கலாமா?" என்று கேட்டாள். கொடுத்தேன். ஜன்னலோரம் அதிரசத்தைக் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள்.

"தொடப்பம் ஒண்ணும் காணோமே. குண்டூசித் தலயாட்டம்தான் கீது."

"வெளிச்சம் பத்தல" என்றேன்.

"ஆமா, பத்தல." சிரிக்காமல் சொல்லிவிட்டு, அதிரசத்தைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடுங்க."

மேலே சுரண்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடலாமா என்று யோசித்தேன். கூடாது, இழைகள் உள்ளே வரை ஊடுருவியிருக்கும் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எப்படியும் மருந்தைச் சுரண்டிப் போடுகிறவனை யார் நம்புவார்கள்? முழுதாகத் தின்றேன். வெல்லத்தில் பழைய சாக்குப் பையை ஊறவைத்த ருசி.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இன்னொண்ணு வெக்கட்டா? மருந்துதானே."

"ஒரு வேளைக்கு ஒண்ணுதாங்க டோஸ்."

ஆஸ்பெர்ஜில்லஸ் அவ்வளவு சீக்கிரம் வேலையைக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். என் வயிற்றுக்குத் தெரியவில்லை. பஸ் ஏறிய சற்று நேரத்தில் உள்ளே ஒரு கலவரம் மூண்டது. ஏரிக்கரையில் ஒரு தடவை, புளியமரத்தடியில் ஒரு தடவை என்று பஸ் எனக்காக நின்றது. கண்டக்டர் பேஜாராகி மாமாவிடம் விசாரித்தார். "பொண்ணு வூட்ல மருந்து சாப்ட்டான்" என்று மாமா உண்மையைச் சொன்னார். பஸ் முழுக்க என்னை இரக்கத்தோடு பார்த்தது. மூன்றாவது தடவை கண்டக்டர், நான் கேட்பதற்கு முன்பே விசில் ஊதினார்.

தை மாதம் கல்யாணம். மறுவீட்டுக்குப் போனபோது வாசலில் கூட்டம். மாமனார் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஒருவர் பூத்துப்போன மல்லாட்டை (வேர்க்கடலைதான்) கொண்டுவந்திருந்தார், இன்னொருவர் ரொட்டித் துண்டு. "மாப்ள, இது இன்னா நோவுக்கு ஆவும்?" புது மாப்பிள்ளையாகப் பாயில் சாய்ந்திருக்க வேண்டிய நான், எதையும் தின்னாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதிரசத்துக்கு மட்டும் எப்படி விதிவிலக்கு என்று கேட்டார்கள். மறுபடியும் கும்பிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் வசந்தாவைக் கேட்டேன். "குண்டூசித் தலைன்னு கண்டுபிடிச்சியே. அப்புறம் ஏன் சாப்பிடச் சொன்ன?"

"நீங்க தெரியாம சொன்னீங்களா, எனக்காவ சொன்னீங்களான்னு பாக்கணும்னு இருந்துது. தெரியாதவரா இருந்தா சட்டுனு துன்னுட்டு இருப்பீங்க. நீங்க சாமி கும்புட்டுட்டுத்தானே துன்னீங்க!"

கும்பிட்டது எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் தப்பாகக் கவனிக்கிறவள் அல்ல.

அன்று முதல் எங்கள் வீட்டில் எது பூத்தாலும் நேராக என்னிடம்தான் வரும். அவள் நீட்டுவாள்: "மருந்தா, பூசணமா?" பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். மருந்து என்றால் அடுத்த வசனம் எல்லோருக்கும் மனப்பாடம், எல்லோரும் சேர்ந்துதான் சொல்வார்கள்: "அப்ப துன்னட்டும்!" ஆகவே, இத்தனை வருடமாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்.

போன முறை வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ஏதோ ஒரு சீஸ் கொண்டுவந்தான். உள்ளே நீலமும் பச்சையுமாக நரம்பு ஓடியிருந்தது. வசந்தா அதை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அசல் பெனிசிலியம், சுத்தமான துடைப்பக்காரன். சீமையில் அதைச் சேர்த்துத்தான் இந்த சீஸையே செய்கிறார்கள். பயமில்லாமல் தின்னலாம். பாடம் நடத்த இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் வாயைத் திறக்கத் தயாராக நின்றார்கள்.

"பூசணம்" என்றேன்.

மகன் "அப்பா!" என்று அலறுவதற்குள் அது குப்பைக் கூடைக்குப் போய்விட்டது.