வீகன் ஹோட்டலில் ஆட்டுத்தோல்

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். அது மட்டும் போதாது. பொய் சொல்கிறவன் தன் அம்மாவை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஞாபகசக்தி எனக்கு நிறையவே இருந்தது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகத்தான் வழியில்லாமல் போய்விட்டது. (பெண் வீட்டாரோடு பேச அம்மா இல்லாமல் யார் போவார்கள்?)

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவர்கள். மெயின் ரோட்டில் எங்களுக்குத் தோல் பை கடை இருக்கிறது. கடைக்கு மேலே உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து அப்பா தோலை வெட்டித் தைப்பார். கீழே அம்மா விற்பாள். அப்பா பேசவே மாட்டார். அவர் பங்கையும் சேர்த்து அம்மா பேசுவாள், அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெக்ஸின் தோ நஹி ஹை நா?" என்று இழுப்பார்கள். (போலித்தோல் இல்லையே என்று சந்தேகம்.) அவ்வளவுதான். அம்மா இடுப்பில் செருகியிருக்கும் லைட்டரை எடுத்து, பையின் உள்மடிப்பில் சுடரைக் காட்டுவாள். ரெக்ஸின் என்றால் உருகும், பிளாஸ்டிக் நாறும். தோல் உருகாது. லேசாகக் கருகி, தலைமுடி பொசுங்கிய மாதிரி நாற்றம் வரும். அந்த நாற்றத்தை அம்மா சாம்பிராணிப் புகைபோல முகர்ந்துவிட்டு, "அஸ்லி மால், சேட்" என்பாள், அசல் சரக்கு என்று. ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி விற்பவர்கள் எங்கள் ரோட்டிலேயே உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அம்மா போக மாட்டாள்.

இப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்த நான் படித்து, பாந்திரா குர்லா பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனேன். அங்கேதான் நித்யாவைப் பார்த்தேன். செம்பூர்க்காரி. அவள் அப்பாவுக்கும் பூர்வீகம் எங்கள் ஊர்ப்பக்கம்தான். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. அவள் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் கிடையாது. பட்டுப் புடவை கிடையாது. தோல் செருப்பு கிடையாது. பூச்சி உட்பட எந்த ஜீவனிடமிருந்தும் எதையும் எடுக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

எனக்கு அந்தக் கொள்கை மிகவும் பிடித்துப்போயிற்று. (கொள்கை இல்லை, அவள்தான்.) மறுவாரமே நானும் பாதி வீகன் ஆகிவிட்டேன். அதாவது, திங்கள் முதல் வெள்ளி வரை அவள் எதிரே உட்கார்ந்து டோஃபுவை மெல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஆட்டுக்கறிக் குழம்பில் பாவத்தைக் கழுவிக்கொள்வேன்.

ஒருநாள் கேன்டீனில் அவள் கேட்டாள், "வீட்ல என்ன பிஸினஸ், செல்வா?"

"பேக் பிஸினஸ்."

"லெதரா?"

கேட்டவள் முகத்தில் கோபம்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சேச்சே! ரெக்ஸின், கேன்வாஸ்... அந்த மாதிரி." அந்தச் 'சேச்சே'வை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆறேழு மாதத்தில் விஷயம் அவள் அப்பாவரைக்கும் போனது. அம்மா இல்லாத பெண், அப்பாதான் வளர்த்தார். ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் வெளியே சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று முடிவாயிற்று. நித்யா தேர்ந்தெடுத்த இடம், மாட்டுங்காவில் புதிதாக வந்திருந்த ஒரு வீகன் ஹோட்டல். ஞாயிறு வியாபாரம் முக்கியம் என்று அப்பா கடையில் தங்கிவிட்டார்.

முதல் நாளே அம்மாவைத் தயார்ப்படுத்தினேன். "அங்க சுத்த சைவம்மா. பால், தயிர்கூடக் கிடையாது."

அம்மா பதறிவிட்டாள். "ஏன்ல, அவிய வீட்ல எதும் துஷ்டியா?"

சாவும் இல்லை, துக்கமும் இல்லை, அந்த ஹோட்டல் வழக்கமே அதுதான் என்று விளக்கினேன். "பாலு தராத ஓட்டல்ல காப்பிக்கு என்னத்த ஊத்துவான்?" என்று அவள் விடாமல் கேட்டாள். இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் தோல் விஷயத்தைச் சொல்ல வசதியாக மறந்துவிட்டேன். ஆனால் என் விஷயத்தில் கவனமாக இருந்தேன். தோல் ஷூவை ஒளித்துவைத்து, துணி ஷூ போட்டுக்கொண்டேன். அப்பா தைத்துக்கொடுத்த பெல்ட்டையும் கழற்றிப் போட்டேன். அதன் பலன், அன்று முழுவதும் ஒரு கை பேன்ட்டைப் பிடித்தபடியே இருந்தது.

ஹோட்டல் சின்னது. ஏஸி போட்டு, ஜன்னல்களை இறுக்கமாக மூடியிருந்தார்கள். சுவரில் ஒரு கன்றுக்குட்டியின் பெரிய படம். அம்மா அதையே பார்த்துவிட்டு என் காதில், "கன்னுக்குட்டி போட்டோவ மாட்டிருக்காவ, ஆனா பாலு கெடையாதுங்காவ" என்றாள்.

நித்யாவும் அவள் அப்பாவும் முன்பே வந்திருந்தார்கள். "வாங்கம்மா" என்று அவர் எழுந்து நின்றார். "இருங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா. நித்யா குனிந்து அம்மா காலைத் தொட்டாள். அம்மாவுக்கு அப்போதே பாதி சம்மதம்.

சாப்பாடு வந்தது. பலாக்காய் பிரியாணி. முந்திரியில் செய்த தயிர். பாதாம் பாலில் காபி. அம்மா தயிரை ஒரு வாய் வைத்தாள். முகம் மாறியது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "பையா, தஹி வாலே நே தும்கோ டோப்பி பெஹ்னாயா" என்று பரிவோடு சொன்னாள். (தயிர்க்காரன் உங்களை ஏமாற்றிவிட்டானாம்.) நித்யா சிரித்துவிட்டாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. அந்தத் தயிரைப் பற்றி அவருக்கும் அதே சந்தேகம் இருந்ததுபோல, கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கு யார் உறவு என்று பேச்சு நீண்டது. அப்போது அம்மா கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து நித்யாவின் தலையில் வைத்தாள். பழம் இருந்தது. அதையும் எடுத்து வைத்தாள். அதன் பிறகு துணிப்பையின் அடியிலிருந்து இன்னொன்று வந்தது.

கருஞ்சிவப்பில் ஒரு கைப்பை. அப்பா ஒரு வாரம் வேறு எந்த வேலையையும் தொடாமல் செய்தது. அவ்வளவு அழகான பை எங்கள் கடையில் தொங்கி நான் பார்த்ததில்லை. ஓரத்தில் 'நி' என்று ஓர் எழுத்து, நூலால்.

"ஒனக்குத்தாம்மா. அவரு கையால தச்சது. சுத்த ஆட்டுத்தோலு. தொட்டுப் பாரு, பூ மாதிரி இருக்கும். எளங்குட்டியாக்கும்!"

பையை வாங்க நீண்ட நித்யாவின் கை நடுவிலேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு பெண்களும் ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். தமிழ் தெரியாத அவர்களும் 'எளங்குட்டி' என்றால் என்னவென்று புரிந்துகொண்டதுபோல எனக்கு ஒரு பிரமை.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. உண்மையைச் சொல்லலாம். மயங்கி விழலாம். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "அம்மா சும்மா சொல்றாங்க நித்யா. அது ரெக்ஸின்" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏல, என்ன சொன்ன?"

"ரெக்ஸின்தானம்மா" என்று கண்ணடித்தேன்.

"கண்ணுல என்னல விழுந்துட்டு?"

மறுபடி கண்ணடித்தேன். மேஜைக்குக் கீழே காலை மிதித்தேன். அது நித்யாவின் அப்பாவுடைய கால். அவர் "ஆ" என்றார். அம்மா எதையும் கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னவன் மகன் என்பதும் அவளுக்கு அப்போது பொருட்டில்லை. நான் காலை இழுத்துக்கொள்வதற்குள் லைட்டர் அவள் கைக்கு வந்துவிட்டது.

எழுந்து தடுக்கப் பார்த்தேன். எழுந்தால் பேன்ட் நழுவியது. பேன்ட்டைப் பிடித்தால் லைட்டரைப் பிடிக்கக் கை இல்லை. நான் பேன்ட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

பையின் உள்மடிப்பில் சுடர் பட்டது. தாராவி ரோட்டில் அந்த நாற்றம் காற்றோடு போய்விடும். மூடிய ஏஸி அறையில் அது எங்கே போகும்? ஒரு மேஜை விடாமல் போய் விசாரித்தது. ஒருவர் இருமினார். பக்கத்து மேஜைப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பாத்தீங்களா அண்ணாச்சி? உருகுதா? மோந்து பாருங்க, ரெக்ஸினா இது?" என்று அம்மா பையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவரும், பாவம், மரியாதைக்கு முகர்ந்தார்.

உள்ளேயிருந்து குடுமி வைத்த இளைஞர் ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் முதலாளி. "க்யா ஜல் ரஹா ஹை? க்யா ஜல் ரஹா ஹை?" என்று கத்தினார். (என்ன எரிகிறதாம்.)

அம்மா அவரைத் தட்டிக்கொடுக்கிற குரலில் சொன்னாள், "டரோ மத் பேட்டா. பக்ரா ஹை."

பயப்படாதே மகனே, ஆடுதான். வீகன் ஹோட்டல் முதலாளிக்கு அதைவிட ஆறுதலான சொல் வேறு என்ன இருக்க முடியும்! அவர் கன்றுக்குட்டிப் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு வாசலைக் காட்டினார். பம்பாயில் என்னை எத்தனையோ இடங்களில் வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். கும்பிட்டுச் சொன்னது அங்கே மட்டும்தான்.

வெளியே நடைபாதையில் நான்கு பேரும் நின்றோம். நித்யா என்னைத் தனியே இழுத்தாள். "லெதர்னு சொல்லிருந்தா சண்டை போட்டிருப்பேன். அவ்ளோதான். அப்புறம் சரியாகியிருக்கும். நீ எங்கிட்ட பொய் சொன்னே, ஓகே. ஆனா அவங்க முன்னாடியே அவங்க மால நக்லி, டூப்ளிகேட்னு சொன்னே பாரு. அவங்க முகத்தப் பாத்தியா நீ?"

நான் பார்க்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். அம்மா பைக்குள் விரலை விட்டு, கருகிய இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடையில் எத்தனையோ பைகளைச் சுட்டிருக்கிறாள். ஒன்றைக்கூட அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை.

நித்யாவின் அப்பாதான் நிலைமையைக் காப்பாற்றினார். "எனக்கு இன்னும் பசி அடங்கல. முந்திரித் தயிர யாரு திம்பா? வாங்க மதினி, இங்கன பக்கத்துலயே இட்லி கெடைக்கும்" என்றார். அதுவரை 'வாங்கம்மா' என்றவர் சம்பந்தி முறையில் 'மதினி' என்றது அம்மாவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. தகுதியே இல்லாத சமயத்தில் கிடைத்த சந்தோஷம்.

உடுப்பி ஹோட்டலில் நித்யா இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டாள். அம்மா வியப்போடு பார்த்தாள். "ஏட்டி, இட்லி திம்பியா நீ? பொறவு எதுக்கு அங்கன போனோம்?" பிறகு நேராகவே கேட்டாள், "தோலு ஒனக்கு ஆகாதோ?"

"ஆகாது ஆன்ட்டி."

"அத மொதல்லயே சொல்லணும்லா. துணியில தச்சுத் தந்திருப்பாருல்லா."

அவ்வளவுதான் அவர்கள் இருவருக்கும் இடையே நடந்த மொத்த வழக்கும். நான் பல மாதங்களாக எதை மறைத்து மறைத்துக் காத்தேனோ, அது இரண்டு இட்லி நேரத்தில் தீர்ந்துபோயிற்று.

டாக்ஸியில் அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. கைப்பையைத் துணிப்பைக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைக்கு வந்ததும் அப்பா மேலேயிருந்து தலையை மட்டும் நீட்டினார். "பை புடிச்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "ரொம்பப் புடிச்சிட்டு. இன்னொண்ணு துணியில வேணும்னு கேட்டிருக்கா."

சரக்கு விஷயத்தில் என் அம்மா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னது. அப்பா சந்தோஷமாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். (தாராவியில் தனியாக அழ வேறு இடம் ஏது?)

கல்யாணம் ஆயிற்று. நித்யா பருத்திப் புடவையில் மணையில் உட்கார்ந்தாள். அது பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. பை கதை இரண்டு குடும்பத்துக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டது. "டிரெயின் லேட்டு, அதான் நேரமாயிட்டு" என்று நான் வாசலில் நின்று சொன்னால், "கருக்கிப் பாத்திரலாமா?" என்று மாமனார் லைட்டரைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் தடவுவார். நித்யா என் சம்பள உயர்வுச் செய்தியையே அப்படித்தான் வரவேற்றாள். மச்சான், கொழுந்தியாள் என்று யாராவது ஒருவர் விசேஷ வீட்டில் கதையை எடுத்துவிட்டால், என் கண்ணடிப்பைக்கூட நடித்துக் காட்டாமல் விட மாட்டார்கள்.

அம்மாவும் சொல்வாள், கடைக்கு வருகிறவர்களிடம். தயிரைச் சொல்வாள், குடுமிக்காரர் கும்பிட்டதைச் சொல்வாள், "பக்ரா ஹை" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஓரிடம் வரும்போது மட்டும், நான் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "அங்கன யாரோ ஒருத்தன் ரெக்ஸின்னு சொல்லிட்டான்" என்று சொல்லிவிட்டு, கதையின் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவாள்.