கசெட்டின் மறுபக்கத்தை நம்ப வேண்டாம்

பாரிஸுக்கு வடக்கே,
பிப்ரவரி 1987

என் மதிப்புக்குரிய அண்ணன் அக்லி அவர்களுக்கு, தம்பி பெல்காசெம் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் ஒலிவ மரங்களும் கழுதையும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக. இதை உங்களுக்கு வாசித்துக்காட்டும் வாத்தியார் யூனுஸுக்கும் சலாம். வாத்தியாரே, அண்ணன் கடையில் ஆட்கள் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, அண்ணனை வீட்டுக்கு அழைத்துப்போய் மீதியை மெதுவான குரலில் வாசியுங்கள்.

எப்போதும் கசெட்டில் பேசி அனுப்புகிறவன் இப்போது ஏன் பேனாவைத் தூக்கினான் என்று நினைப்பீர்கள். கசெட் பதிகிற ரேடியோப் பெட்டி வீட்டில் இல்லை. என் இளைய மகன் நசீம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பல வாரங்கள் ஆகின்றன. அவனும், எதிர்வீட்டு மாலி நாட்டுக்காரர் மகன் துமானியும், கீழ்மாடிப் போர்த்துகீசியக்காரி மகன் ஆர்லிந்துவும் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருக்கிறார்கள். பாட்டு என்றால் நீங்கள் நினைக்கிற பாட்டு இல்லை. ஒருவன் விடாமல் பேசுவான், ஒருவன் வாயாலேயே மேளம் அடிப்பான், ஒருவன் தலையைத் தரையில் ஊன்றிச் சுற்றுவான். அமெரிக்காவிலிருந்து வந்ததாம், ராப் என்கிறார்கள். குழுவின் பெயர் ‘லிஃப்ட் ஓடாது’. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் கதவில் நெடுநாளாய்த் தொங்கும் அட்டையைப் பார்த்து வைத்த பெயர். தலைகீழாகச் சுற்ற வழவழப்பான தரை வேண்டும் என்று என் மனைவி வர்தியாவின் அடுப்படித் தரையில் ஒட்டியிருந்த லினோலியம் விரிப்பைப் பெயர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் இப்போது என் பழைய காலுறைகள் இரண்டு ஜோடியைப் போட்டுக்கொண்டு வெறும் சிமெண்டில் நின்று சமைக்கிறாள். பிறகு, எதிரொலி நன்றாக இருக்கிறது என்று மாடிப்படியில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அதற்குக் கசெட் வேண்டுமே. வர்தியா உங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துப் பேசி வைத்திருந்த கசெட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. ஒரு பக்கத்தைக் காலியாக விடுவது வீண் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவன் நான்தான். இது தெரியாமல் அவள் அதைத் தபாலில் போட்டுவிட்டாள்.

நீங்களும் வழக்கப்படி ஊர் ஆண்கள் எல்லோரையும் கடையில் கூட்டி வைத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் அனுப்பிய கசெட்டை துமானி வீட்டில் போய்க் கேட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “உன் பொண்டாட்டி சலாம் சொல்லி முடிச்சா. அடுத்த பக்கம் நீ பேசுவேன்னு திருப்பிப் போட்டோம். உன் மவன் சண்டைக்கு வர்ற மாதிரி கத்துறான். வாத்தியாரு நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னாரு. ஃபாக்டரி உன்னை அனுப்பிருச்சாம். நீ தினமும் விடியுமுன்னே சாப்பாட்டுத் தூக்கோட கிளம்பி, சலவைக் கடையில உக்காந்துட்டு வர்றியாம். கேட்டுட்டு ஒவ்வொருத்தனா எழுந்து வீட்டுக்குப் போயிட்டான். உண்மையச் சொல்லுடா, நான் உன் அண்ணன்.”

அண்ணா, அது பாட்டு. இந்தத் தொழிலில் கஷ்டத்தைச் சொன்னால்தான் கைதட்டுவார்களாம். அதே பாட்டில் துமானியின் அப்பா இருமி இருமிச் சாகிறார். அவர் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக்கூட என்னோடு டோமினோ ஆடித் தோற்றார். நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்க இயந்திரக் கைகள் வந்திருப்பது மெய். அவை இருமுவதில்லை, நோன்பு மாதத்தில் நேரம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில்லை. ஆனாலும் இருபது வருடம் அந்தப் பெயிண்டை முகர்ந்தவனை அப்படி ஒரே நாளில் அனுப்பிவிடுவார்களா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நசீமைக் கூப்பிட்டு, “ஏண்டா இப்படிப் பாடின? ஊர்ல என் மானம் போச்சே” என்று கேட்டேன்.

“அது உன்னப் பத்தி இல்லப்பா” என்றான். “இங்க எல்லாக் கட்டடத்துலயும் அப்படி ஒரு அப்பா இருக்காரு.”

அதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. வரும் சனிக்கிழமை நகராட்சி மண்டபத்தில் அந்தப் பாட்டை மேடையேற்றப் போகிறார்கள். எங்கள் கட்டடம் முழுக்க வரும். “நீ வரணும்னு கட்டாயம் இல்லப்பா” என்றும் சொன்னான். இரண்டு நாளாக அந்த வார்த்தையையே மனசில் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வர்தியாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். அவளுக்குப் பிரெஞ்சு வராது, பாட்டு விளங்காது. அவள் பாட்டுக்கு இருட்டில் எழுந்து தூக்கைக் கட்டித் தருகிறாள். ஃபோர்மேன் பாவம், மெலிந்த மனுஷன் என்று அவருக்கும் சேர்த்து ரொட்டி வைக்கிறாள். அவருடையதையும் நானே சாப்பிடுவதால் எடை கூடிவிட்டது. ஆகவே கசெட்டின் மறுபக்கத்தை அழித்துவிட்டு, பெல்காசெம் வேலையில் இருக்கிறான் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அண்ணியாருக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. இந்த வருடம் ஒலிவம் நன்றாகக் காய்க்கட்டும், உங்கள் முழங்கால் வலி குறையட்டும், இறைவன் நம் எல்லோர் குறைகளையும் மூடி வைப்பானாக.

உங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
பெல்காசெம்

பி.கு.: மை அங்கங்கே ஊறியிருப்பதை மன்னிக்கவும். இங்கே துணி உலர்த்தும் இயந்திரங்களின் ஆவி. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் நசீம் சலவைக் கடைக் கதவைத் திறந்துகொண்டு நேரே என்னிடம் வருகிறான். கையில் என் சாப்பாட்டுத் தூக்கு. காலையில் அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. “அம்மா குடுத்துவிட்டுச்சு. இங்க குடுன்னுச்சு. ஆறிடுமாம், உடனே சாப்பிடச் சொல்லுச்சு” என்றான். திறந்து பார்த்தேன், ஒரு ஆளுக்கான ரொட்டிதான் இருந்தது, ஃபோர்மேனுக்கு வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை முழுக்கப் படித்தான். “நல்லாப் புளுகுறப்பா. எங்க குழுவுல சேந்துக்க” என்றான். ரொட்டியை இரண்டாகப் பிய்த்து அவனுக்கும் ஒரு பாதி கொடுத்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாத்தியாரே, மேலே எழுதியதை வாசிக்காதீர்கள். கடைக்குப் போய், எல்லோரும் இருக்கும்போது, அந்தக் கசெட்டைத் திருப்பிப் போடுங்கள்.