மொறிஸ் மைனரின் இடப்பக்கக் கதவு

கதவைக் கழற்றியதும் கோழிகள் வெளியே பாய்ந்தன.

"இஞ்சருங்கோ, அது கோழிக்கூட்டின்ர கதவு," என்றாள் மனைவி இராசேஸ்வரி.

"இல்லையப்பா, என்ர காரின்ர கதவு," என்றார் ஐயாத்துரை.

இரண்டும் உண்மைதான். முரசுமோட்டையில் மிஞ்சிய ஒரே மொறிஸ் மைனர் அவருடையது. அந்தக் காரைச் செய்வதை நிறுத்தி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. போரில் இடம்பெயர்ந்து திரும்பியபோது கார் ஓட மறுத்தது. ஓடாத காரில் இருந்ததை ஊர் ஒவ்வொன்றாகக் கேட்டது, அவரும் கொடுத்தார். கோழிக்கூட்டுக்கு மட்டும் தானே ஒரு கதவைக் கழற்றிப் பூட்டினார்.

இப்போது பழைய கார்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறவர்கள் வவுனியாவிலிருந்து வருகிறார்கள். "உங்கட மொறிஸ் மைனரைப் பற்றிக் கேள்விப்பட்டனாங்கள், படம் எடுக்க வாறம்," என்று போனில் சொன்னார்கள். கார் புத்தகத்தில் ஏறிவிட்டால், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துத் தொலையுங்கோ என்று இராசேஸ்வரி இனி வாய் திறக்க முடியாது.

ஓடிய கோழிகள் பக்கத்து வீட்டுச் சிவரூபியின் மிளகாயைக் கிளறின. மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது காரின் பொனற்றில். ஐயாத்துரை கோழிகளைக் கலைத்தார். அப்படியே மிளகாயைச் சாக்கில் கொட்டிவிட்டுப் பொனற்றையும் தூக்கி வந்தார்.

"குடுத்ததைத் திருப்பிப் பறிக்கிறது வடிவே, மாமா?" என்று சிவரூபி வேலிக்கு மேலால் கேட்டாள்.

யோகலிங்கத்தின் உழவு இயந்திரத்திலிருந்து லைற் வந்தது. அன்று பொழுதுபட அவன் வெளிச்சமில்லாமல் ஐயாத்துரையின் வேலியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். தேநீர்க் கடையில் பின்சீற்றில் இருந்தவர்கள் எழும்ப மறுத்தார்கள். கடைசியில் எழும்பினார்கள், அதன்பிறகு அவருக்கு அங்கே தேநீர் இல்லை.

கூடு இல்லாத கோழிகள் போய்ப் படுத்ததும் அந்தச் சீற்றில்தான்.

எப்படியோ கார் முழுசாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டு, சலவை வேட்டியோடு பக்கத்தில் நின்றார்.

கமராவோடு பிரேமிளா என்ற பிள்ளை வந்து இறங்கினாள். காரை ஒருமுறை சுற்றி வந்தாள். முகம் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போனாள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், கமராவைத் திறக்காமலே திரும்பி வந்தாள்.

"எல்லாம் ஒரிஜினல், பிள்ளை," என்றார் ஐயாத்துரை அவசரமாக.

"முழுக் கார் கொழும்பில நிறையப் பாத்திட்டம் ஐயா," என்றாள் பிரேமிளா. "நாங்கள் தேடி வந்தது கார்க்கதவு பூட்டின கோழிக்கூட்டை. அது எங்க?"